ஜாக்கும் ஒன்பதும்

நேற்றுக் காலை குளிர் இறங்கிவிட்டது. அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த தடித்த சாம்பல் நிறக் கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, வீட்டைப் பூட்டத் திறப்பைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன். திறப்பு அகப்படவில்லை. உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்று அகப்பட்டது. நீலப் பிளாஸ்டிக். ஓரத்தில் பல் பதிந்த அடையாளம். அது உன் பல். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு யோசிக்கும்போதெல்லாம் நீ அதைத்தான் கடித்துக்கொண்டிருப்பாய்.

படிக்கட்டில் நின்று அதைப் பார்த்தேன். மனதில் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் காத்தும் நின்றேன். ஒன்றும் வரவில்லை. மின்தூக்கிக்குள் இருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரி "போன்ஜூர்" என்றாள், நானும் "போன்ஜூர்" என்றேன். கிளிப்பைத் திரும்பப் பைக்குள் போட்டு, கைப்பையில் இருந்த திறப்பால் வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கிப் போனேன்.

நேற்று என்ன நாள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். கிளப்பின் இறுதி மேசை. ஆண்டு முழுவதும் நன்றாகப் போக்கர் விளையாடிய ஒன்பது பேரைக் கடைசியில் ஒரே மேசையில் இருத்துவார்களே, அது. நம்மில் ஒருத்தியாவது ஒரு நாள் அந்த மேசையில் இருந்துவிட்டால் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக நீ நேர்ந்து வைத்திருந்தாய். நீ இருந்தால் மட்டுமா, நான் இருந்தாலும் கொளுத்துவாயா என்று கேட்டேன். "ஆர் இருந்தாலும் ஒரு திரிதான், நீ சைவக்காரி, உனக்குப் பாதித் திரி காணும்" என்றாய்.

அந்த மேசைக்குத்தான் நேற்றுப் போனேன். போக்கர் மேசையை நினைத்தாலே கை உதறுகிற நான், நெஞ்சில் ஒரு துடிப்பும் இல்லாமல் போனேன். நீ போனதிலிருந்து நான் அழவில்லை. நீ போனதிலிருந்து என் கை ஒரு தரமும் நடுங்கவில்லை. உள்ளுக்குள் இன்னும் ஏதாவது மிஞ்சிக் கிடக்கிறதா, இல்லை எல்லாம் உன்னோடு போய்விட்டதா என்று தெரியாமல்தான் இத்தனை மாதமும் நடமாடிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிளிப்பின் கதையை உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் எனக்கு வரிசையாக வருகிறது. பொறுத்துக்கொள்.

எபினேயில் உன் வீட்டு வரவேற்பறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூசை முடிந்து வந்து, சமைத்து, சாப்பிட்டு, உன் கணவரைத் தொலைக்காட்சியோடு மற்ற அறைக்கு அனுப்பிவிட்டு நாங்கள் நான்கு பெண்கள் சீட்டு விளையாடக் கடதாசிக் கூட்டத்தை எடுப்போம். நீ, நான், உன் மச்சாள்மார் இருவர். 304 என்கிற எங்கள் சீட்டாட்டம் பெண்களுக்கு விளங்காது என்று உன் கணவர் ஒருநாள் வாய்தவறிச் சொன்னார். "ஆம்பிளையள்தான் விளையாட வேணும் எண்டு கடதாசியிலை எழுதியிருக்கோ?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு அந்த மனிதர் அந்தப் பக்கமே வரவில்லை.

304இல் எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு சோடி. நீயும் நானும் எப்போதும் சோடி. மற்ற விளையாட்டுகளில் பெரிய ஆட்களான ராசாவும் ராணியும் இதில் சும்மா வந்து போகிறவர்கள். எல்லாருக்கும் பெரியவன் ஜாக். அவனுக்கு அடுத்தது ஒன்பது. ஏஸ் கூட அதற்குப் பிறகுதான். ஒரே இனத்தில் ஜாக்கும் ஒன்பதும் கையில் வந்துவிட்டால் நெஞ்சு திக்கென்று ஒருமுறை அடிக்கும். துணிந்து ஏலக் கேள்வி கேட்டு, அதையே துரும்பாக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நிமிர்ந்து எதிரே இருக்கும் சோடியைப் பார்க்க வேண்டியதுதான். நான் நிமிர்ந்தால் நீ ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

தோற்ற சோடிக்குக் காதில் கிளிப். அடுத்த ஆட்டம் முடியும்வரை கழற்றக்கூடாது. தேத்தண்ணியும் அவர்கள்தான் போட வேண்டும். ஊரில் தோற்றவர் காதில் எதையோ கொழுவுவார்கள் என்று உன் அப்பா சொன்னாராம். என்னத்தைக் கொழுவினார்களோ, உன் பல்கனியில் இருந்தது கிளிப். ஒருநாள் நாங்கள் தோற்று, வீட்டில் பாணும் முடிந்துபோய், இரண்டு பேரும் காதில் கிளிப்போடு கீழே பேக்கரிக்குப் போனோம். விற்கிற பெண் ஒரு கேள்வியும் கேட்காமல் பாணைத் தந்தாள். "பாத்தியா, இந்த நாட்டிலை தலையிலை அண்டாவைக் கவிட்டுக்கொண்டு போனாலும் கேக்கமாட்டாளவை" என்று வழி நெடுகச் சிரித்துக்கொண்டு வந்தாய்.

பிறகு ஒரு மச்சாள் லண்டனுக்குப் போனாள். மற்றவள் கனடாவில் மகளின் பிள்ளைகளைப் பார்க்கப் போனவள், அங்கேயே நின்றுவிட்டாள். நான்கு பேர் இல்லாமல் 304 இல்லை. கடதாசிக் கூட்டம் மேசை லாச்சிக்குள் போனது. நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மெரி என்கிற நகரசபைக்குப் பக்கத்து மண்டபத்தில் போக்கர் கிளப் இருக்கிறது என்று கண்டுபிடித்தது நீதான். ஞாயிறு பிற்பகல், காசு வைத்து ஆடுவதில்லை, புதியவர்களும் வரலாம் என்று கதவில் ஒட்டியிருந்ததாம். "காசில்லையாம். பிறகென்ன பயம், வாடி" என்றாய். பயத்துக்கும் காசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

மண்டபம் முழுக்க ஆண்கள். தலைவர் ஒரு பெரிய மீசைக்காரர். இன்றுவரை அவர் பெயர் என் வாயில் வரவில்லை, நீ வைத்த 'மீசை'தான் வருகிறது. அவர் பொறுமையாக விளக்கினார். ஆளுக்கு இரண்டு சீட்டு, ஒருவரும் பார்க்கக்கூடாது. நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொது. கை நல்லதென்று நினைத்தால், அல்லது நல்லதென்று மற்றவரை நினைக்க வைக்க விரும்பினால், ஜுத்தோன் என்கிற வட்டக் காய்களை முன்னே தள்ளலாம். இல்லையென்றால் சீட்டை எறிந்துவிட்டு இருக்கலாம். இருப்பதெல்லாவற்றையும் ஒரேயடியாகத் தள்ளுவதென்றால் "தப்பி" என்று சொல்ல வேண்டும். முதல் மாதம் முடியும்போது, "தப்பி எண்டு சொல்லித் தப்பினவள் ஒருத்தியும் இல்லை" என்று நீ தீர்ப்புச் சொன்னாய்.

எங்கள் விளையாட்டில் முறை வலப்பக்கமாகப் போகும். அங்கே இடப்பக்கமாக. நான் என் முறை வருமுன்பே ஜுத்தோனைத் தள்ளுவேன். "மதாம், இன்னும் உங்கள் முறை வரவில்லை" என்று மீசை சொல்வார். நீயும் அதையே செய்வாய், ஆனால் உன்னிடம் அவர் சொன்னபோது, எங்கள் நாட்டில் பூமி மற்றப் பக்கமாகத்தான் சுற்றுகிறது என்று உன் பிரெஞ்சில் பதில் சொன்னாய். மேசை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் காது சூடாகிக்கொண்டிருந்தது.

அன்று உனக்கு ஜாக்கும் ஒன்பதும் வந்தன. நீ சிலுவை போட்டாய். "தப்பி" என்றாய். எதிரே இருந்தவனிடம் ஏஸும் ராசாவும். போக்கரில் ஜாக்கும் ஒன்பதும் நடுத்தரக் கை, அவ்வளவுதான். மண்டபத்தில் முதலில் வெளியேறியவள் நீ. எழும்பிப் போய்க் கோப்பி மெசினுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, கைப்பையிலிருந்து கிளிப்பை எடுத்துக் காதில் கொழுவிக்கொண்டாய். "எங்கடை சட்டம் எங்கையும் சட்டம்தான்." மீசை வந்து என்னவென்று விசாரித்தார். அடுத்த மாதம் தொடக்கம் அது கிளப்பின் சட்டமாகிவிட்டது. முதலில் தோற்கிற ஆளுக்குக் காதில் கிளிப். தொப்பை வைத்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் காதில் உன் பல்கனிக் கிளிப்போடு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது நீ சொன்னாய்: "பிரெஞ்சிலை ஜாக்கை 'வாலே' எண்டுதான் சொல்லுறாங்கள். வேலைக்காரன் எண்டு அர்த்தம். எங்கடையிலை அவன் ராசாவுக்கும் மேலை. இஞ்சை வந்து வேலைக்காரன்."

"நீயும் அங்கை ரீச்சர்தானே" என்றேன்.

"அதுதான். இஞ்சை கந்தீனிலை கோப்பை கழுவுறன். எனக்கும் அவனுக்கும் ஒரே கதை. அதாலைதான் அவனைக் கண்டால் விடேலாமல் கிடக்கு."

விட முடியாமல்தான் இருந்தது, இருவருக்கும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நான் சொன்னால், "எனக்குச் சுடுகாடில்லை, புதைக்கிற சவக்காலை மட்டும்" என்பாய். ஜாக்கும் ஒன்பதும் கையில் வந்தால் தலைக்குத் தெரியும், இது ஒன்றுமில்லாத கை என்று. நெஞ்சுக்குத் தெரியாது. அது தன்பாட்டில் திக்கென்று அடித்துவிடும்.

ஆனால் என் பெரிய வில்லங்கம் ஜாக் இல்லை, கை. நான் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் கேக் கடையில் வேலை செய்கிறவள். பிறந்தநாள் கேக்கிலும் கல்யாணக் கேக்கிலும் ஐசிங்கால் பெயர் எழுதுகிறவள். 'ஹர்ஷினி' என்றாலும் 'கிருஷ்ணவேணி' என்றாலும் ஒரு சுழி பிசகாது. அந்தக் கை, நல்ல சீட்டு வந்தால் போதும், வெடவெடவென்று நடுங்கத் தொடங்கிவிடும். ஜுத்தோன்கள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுக்கும். மேசை முழுவதும் நிமிர்ந்து பார்க்கும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவானே ஒரு இளம் ஆள், அவன் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கையைத்தான் பார்ப்பான். நடுங்கினால் சீட்டை எறிந்துவிடுவான். நடுங்காவிட்டால் ஏறி மிதிப்பான். எனக்கு நல்ல கை வந்தும் பிரயோசனமில்லை, வராவிட்டாலும் பிரயோசனமில்லை.

உனக்கு மருந்து ஆயிரம் தெரியும். முதலில் மூச்சு. இழுத்து, வைத்து, விட வேண்டும் என்றாய். இழுத்தேன், விட மறந்துபோய் இருமல் வந்தது. பிறகு, முறை வரும்வரை சீட்டைப் பார்க்காதே, மற்றவர்கள் தங்கள் சீட்டைப் பார்க்கும்போது அவர்களைப் பார் என்றாய். அது உண்மையிலேயே நல்ல புத்தி, கொஞ்சம் உதவியது. நல்ல கையோ கெட்ட கையோ ஜுத்தோனை ஒரே மாதிரி, ஒரே வேகத்தில் வை என்றாய். கடைசியாக, "மேசையைக் கேக் எண்டு நினை. பேர் எழுதுறாய், அவ்வளவுதான்" என்றாய். நினைத்துப் பார்த்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போது எதிரே இருப்பவன் கேக்கைத் தூக்கிக்கொண்டு போவதில்லையே என்றேன்.

எனக்குச் சொன்ன நீ மட்டும் என்ன வீராங்கனையா? நல்ல சீட்டு வந்தால் உனக்குக் கழுத்துச் சிவக்கும், கை தன்பாட்டில் சிலுவை போடும். கழுத்துக்குச் சால்வை சுற்றினாய். சிலுவைக்கு என்ன செய்வது? இரண்டு மாதத்தில் மேசை முழுவதும் அதைப் படித்துவிட்டது. அதன்பிறகு நீ ஒன்றுக்கும் உதவாத கைக்கும் சிலுவை போடத் தொடங்கினாய். எல்லாரும் பயந்து சீட்டை எறிந்தார்கள்.

"ஆண்டவரை வைச்சுப் பொய் சொல்லலாமோடி?" என்று கேட்டேன்.

"பாவசங்கீர்த்தனத்திலை சொல்லிட்டன். சுவாமிக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போட்டுது."

ஒருநாள் நான் கோபித்துக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே வந்து நின்றேன். இரண்டு ஏஸ் வந்த கையை நடுக்கத்தால் கெடுத்துவிட்டு, இனி வரமாட்டேன் என்று சொன்னேன். நீ என் கையைப் பிடித்துப் பார்த்தாய். அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது. "எங்கடை விளையாட்டிலை எதிரிலை நான் இருப்பன். இஞ்சை எதிரிலை இருக்கிற ஒருத்தனும் உன்ரை ஆள் இல்லை. அதுதான் நடுங்குது. நடுங்கட்டும். செத்தவளுக்குத்தானடி கை நடுங்காது" என்றாய். பிறகு உள்ளே போய் எனக்கும் சேர்த்துக் கோப்பி எடுத்துக்கொண்டு வந்தாய்.

கடைசி ஞாயிறு பங்குனியில். முதலில் தோற்றவள் நான். கிளிப்பை நீயே என் காதில் கொழுவினாய், வேண்டுமென்றே காதின் மெல்லிய இடத்தில். அன்று பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில் அதைத் திருப்பிக் கொடுக்க மறந்து, கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டேன். அடுத்த நாள் வெயில் வந்தது. கோட்டை மடித்து அலுமாரிக்குள் வைத்தேன். விஷயம் அவ்வளவுதான், ஒரு விசேஷமும் இல்லாத ஞாயிறு. தெரிந்திருந்தால் பஸ்ஸை விட்டிருப்பேன்.

அதே கிழமை வந்த வியாழக்கிழமை. கடையில் ஒரு பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் கேக்குக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். 'அபிராமி'. 'அபி' வரை எழுதியாகிவிட்டது. தொலைபேசி அடித்தது. என் இரண்டு கையும் ஐசிங் பையில் இருந்ததால், கடை முதலாளித் தம்பி அதை எடுத்து என் காதில் பிடித்தான். உன் கணவர். "கந்தீனிலை விழுந்திட்டாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே..." என்றார். நான் "ஓம். வாறன்" என்றேன்.

தம்பி தொலைபேசியை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் குனிந்து 'ராமி'யை எழுதினேன். சுற்றிவரப் பூ வைத்தேன். பெட்டியில் வைத்து நாடா கட்டினேன். பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். அவன் திகைத்துப்போய், "அக்கா, உங்கடை கை ஒரு பொட்டும் நடுங்கேல்லையே" என்றான். அவன் புகழவில்லை. கொஞ்சம் பயந்திருந்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அது கேட்டது, அவ்வளவுதான்.

உன் செத்தவீட்டில் தேத்தண்ணி பரிமாறினேன். மாதா கோவிலில் கதிரை அடுக்கினேன். கனடாவிலிருந்து வந்த உன் மச்சாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் குழறி அழுதாள். எல்லாரும் என்னைப் பார்த்துத் திடமான மனுசி என்றார்கள். உன் பெட்டிக்குள் பூப்போடும்போது உன் கழுத்தைப் பார்த்தேன், சிவப்பே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகு என் மகள், "அம்மா, நீ ஏன் அழவில்லை" என்று பிரெஞ்சில் கேட்டாள். "நேரமில்லை" என்று தமிழில் சொன்னேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து தொலைபேசி எடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. கால் தன்பாட்டில் கிளப்புக்குப் போனது. மீசை எல்லாரையும் எழுப்பி மௌனமாக நிற்க வைத்தார். பிறகு சீட்டுப் போட்டார்கள். எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. நான் ஜுத்தோனை எடுத்து, சாப்பாட்டு மேசையில் கோப்பை வைப்பதுபோல் வைத்தேன். ஒரு கிலுகிலுப்பும் இல்லை. கறுப்புக் கண்ணாடிக்காரன் என் கையைப் பார்த்தான், ஏறி மிதிக்க வந்தான், இருந்ததெல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனான். அன்று வென்றேன். அடுத்த கிழமையும். ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டும் தள்ளினேன், முகத்தில் ஒரு சலனமும் இல்லை, எல்லாரும் எறிந்தார்கள். பொய் சொல்வதற்குக்கூட உள்ளே யாராவது இருக்க வேண்டும், எனக்கு அந்தக் கஷ்டமும் இருக்கவில்லை.

கிளப்பில் என்னைப் பற்றித்தான் பேச்சு. கறுப்புக் கண்ணாடிக்காரன் ஒருநாள் கோப்பி மெசினடியில் வந்து, எப்படி இந்தப் பதற்றத்தை வென்றீர்கள், மூச்சுப் பயிற்சியா, மாத்திரையா என்று மரியாதையாகக் கேட்டான். என் சிநேகிதி சொல்லித் தந்தாள் என்றேன். அவன் தலையாட்டினான். அந்த மெசினடியில் ஒருவர் காதிலும் கிளிப் இல்லை. அது எங்கே போனதென்று என்னிடம் கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லைப் போலிருக்கிறது. எனக்கும் நினைவில்லை.

அப்படித்தான் நேற்று இறுதி மேசைக்கு வந்தேன். நீ ஆசைப்பட்ட மேசை. நல்ல பச்சைத் துணி விரித்திருந்தார்கள். நடுவில் ஒரு கோப்பை, வெள்ளி நிறம் பூசியது. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு இருந்தேன். ஒன்பது பேர், ஆறாகி, நான்காகி, பின்னேரம் ஆகும்போது மூன்றாகிவிட்டோம். ஓல்னே-சூ-புவாவிலிருந்து வரும் ஒரு வயதானவர் என் இடப்பக்கம். எனக்கு நேர் எதிரே கறுப்புக் கண்ணாடிக்காரன். மீசைதான் சீட்டுப் போட்டார். நான் ஒவ்வொரு கையாக, பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி விளையாடிக்கொண்டிருந்தேன். வென்றால் கோப்பையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று ஒருமுறை யோசித்தேன்.

என் முறை வந்தது. சீட்டின் மூலையை உயர்த்திப் பார்த்தேன்.

ஜாக். ஒன்பது. இரண்டும் ஒரே இனம்.

நெஞ்சு திக்கென்று அடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒன்றும் நினைக்கவில்லை. யோசிக்குமுன் தலை நிமிர்ந்துவிட்டது. எதிரே பார்த்தேன். நீ ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே இரண்டு கறுப்புக் கண்ணாடி இருந்தது.

அப்போதுதான் நடுங்கத் தொடங்கியது. விரல், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை வரை. ஜுத்தோன்களைத் தொட்டேன், எல்லாம் கிலுகிலுத்தன. ஒன்று உருண்டு மேசைக்குக் கீழே போனது. மீசை என்னைப் பார்த்தார். எறிந்துவிட வேண்டிய கை அது, நடுத்தரக் கை, பிரெஞ்சுக்காரரின் வேலைக்காரனும் ஒரு ஒன்பதும். எனக்கு எறிய மனம் வரவில்லை. "தப்பி" என்றேன், குரலும் நடுங்கியது. இருந்ததெல்லாவற்றையும் இரண்டு கையாலும் தள்ளினேன். பாதி சரிந்து விழுந்தது.

வயதானவர் உடனே எறிந்தார். கறுப்புக் கண்ணாடிக்காரன் வெகுநேரம் என் கையைப் பார்த்தான். இத்தனை மாதம் ஒரு சொல்லும் சொல்லாத கை, இப்போது பழையபடி கத்திக்கொண்டிருந்தது. கடைசியில் அவன் பெருமூச்சு விட்டு, தன் சீட்டுகளை எல்லாரும் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு எறிந்தான். இரண்டு ராணிகள். தொடர்ந்திருந்தால் என் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்திருக்கும். "மதாம், உங்கள் கை பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும்" என்றான்.

அவன் பார்த்தது சரி. என் கை பொய் சொல்லவில்லை. உலகத்திலேயே பெரிய கை வந்திருக்கிறது என்றுதான் அது சொன்னது. அது வேறு விளையாட்டு என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியாது.

நான் என் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினேன். மண்டபமே வெடித்துச் சிரித்தது. மீசை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருடைய கை" என்றார். அவர் உன்னைத்தான் சொன்னார், முதல் நாள் நீ "தப்பி" என்று சொல்லித் தோற்ற கையை அவர் மறக்கவில்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது எங்கேயோ மாறிப் போய்விட்டது. பச்சைத் துணியில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில், மூக்கால் தண்ணீர் ஓட, சத்தமாக, உன் மச்சாள் குழறியதைவிட மோசமாக அழுதேனடி.

ஆட்ட நேரம் காட்டும் கடிகாரத்தை மீசை நிறுத்திவிட்டார். கறுப்புக் கண்ணாடிக்காரன் எழும்பிப் போய் ஒரு கடதாசிக் கோப்பையில் கோப்பி கொண்டுவந்தான். கண்ணாடியைக் கழற்றியிருந்தான். சாதாரணக் கண், சின்னப் பெடியன். "என் கையும் நடுங்கும், அதனால்தான் எப்போதும் மேசைக்குக் கீழே வைத்திருக்கிறேன்" என்றான். கோப்பியை வாங்கினேன். பாதியைத் துணியில் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு என்ன விளையாட்டு. ஒவ்வொரு கைக்கும் நடுக்கம், சீட்டு மங்கலாகத் தெரிகிறது, ஒருமுறை வலப்பக்கமாக முறையை மாற்றியும் விட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் அந்தப் பெடியனிடமே விட்டுவிட்டு எழும்பினேன். மூன்றாவது இடம். கதிரையில் கிடந்த கோட்டுக்குள் கையை விட்டுக் கிளிப்பை எடுத்துக் காதில் கொழுவினேன், நீ கொழுவிய அதே மெல்லிய இடத்தில். நன்றாக வலித்தது. மீசை அதைப் பார்த்துப் பெரிதாக ஒருமுறை தலையசைத்தார்.

அப்படியே ரயிலேறினேன். பெட்டியில் ஒருவரும் கேட்கவில்லை, நீ சொன்னதுபோலத்தான். லா ஷப்பலில் இறங்கி நடக்கும்போது மரக்கறிக் கடைப் பெடியன் மட்டும் கூப்பிட்டான்.

"அக்கா, உங்கடை காதிலை கிளிப் கிடக்கு."

"ஓம், தம்பி. தோத்துப் போனன்."

அவனுக்கு விளங்கியிருக்காது. வீட்டுக்கு வந்து கழற்றினேன், காது சிவந்துபோய்க் கிடந்தது. மகளுக்குத் தொலைபேசி எடுத்து, அழுதுவிட்டேன் என்று சொன்னேன். அவள் மற்றப் பக்கத்தில் அழத் தொடங்கினாள். உன் கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. நீ நேர்ந்த பாதித் திரியைக் கொளுத்த எந்த மாதா கோவிலுக்குப் போவது, எப்படிக் கொளுத்துவது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். கிளிப் கிளப்பின் சொத்து, தை மாதம் புதிய சுற்றுத் தொடங்கும்போது கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். உன் பல் அடையாளத்தோடு எவனாவது ஒரு தொப்பைக்காரன் காதில் கொழுவிக்கொண்டு நிற்கட்டும்.

இன்று காலை வேலைக்கு வந்தேன். ஒரு அறுபதாம் கல்யாணக் கேக், இரண்டு பெயர் எழுத வேண்டும். ஐசிங் பையைப் பிடித்து முதல் எழுத்தைத் தொடங்கினேன், சுழி கோணிப்போனது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் கோணியது. முதலாளித் தம்பி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, இண்டைக்குக் கை நடுங்குது?"

"ஓம், தம்பி" என்றேன். "நடுங்குது."